கதிரைக்கு ஒரு குஷன்

நுரைச்சோலை
18.05.2025

மகள் ஸம்ஹாவுக்கு மாமி முஃபீதா எழுதிறது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். சீனி வருத்தம் தன்ட பாட்டில இருக்கு, முட்டுக்கால் மட்டும் முறைப்பாடு வைக்குது. நீ வேலை செய்ற எல்ல மலையில பொல்லாத குளிராமே? உன்ட மூக்கு இன்னும் முகத்திலதான் இருக்கா, கழண்டு விழுந்துட்டா?

கடிதம் எண்டதும் பயந்துடாதே, புதுசா ஒருத்தரும் மௌத்தாகல்ல. மௌத்தாக இருந்த உன்ட மாமா போன மாசமே போய்ட்டார். மனிசன் போனதுக்கு நாலு மாசம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டோட இத்தா இருக்கிறவள் போனில கதைக்கிறது சரியில்லையாம். உன்ட வாப்பாட சட்டம். அவர் போனை எடுத்தா ஸ்பீக்கரில போட்டு, பக்கத்து வீட்டுக் கோழிக்கும் கேட்க வைக்கிறார். அதால அஞ்சாம் வகுப்பில வைச்ச பேனையத் திரும்ப எடுத்தேன். பதுளைக்குக் கருவாடு கொண்டுபோற பேதுருட லொறியில இது வரும். மணத்துக்கு நான் பொறுப்பில்லை.

இங்க வாற பொம்புளையள் எல்லாம், நான் எப்ப அழுவேன் எண்டு கண் துடைக்க லேஞ்சியும் கையுமாக் காத்திருக்கிறாளுகள். நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, அவளுகள்ட மருமகள்மாரைப் பற்றி விசாரிக்கிறேன். அவளுகளே அழுதிட்டுப் போறாளுகள்.

மாமாட உடுப்பெல்லாம் ஏழைகளுக்கு ஸதக்காவாக் குடுத்தாச்சு. நோன்பில தைச்ச களிசான் ஒண்டை மட்டும் அலுமாரியில வைச்சிருக்கேன். கால் மடிப்புக் கூடக் கலையல்ல. ஏன் வைச்சாய் எண்டு கேட்காதே.

இப்ப விசயத்துக்கு வாறேன். மையித்து வீட்டில என்ட கையப் பிடிச்சிட்டு இருந்தியே, உன்ட உள்ளங்கை கடலில கரைவலை இழுக்கிற உன்ட வாப்பாட கை மாதிரி காய்ச்சுப் போய் இருந்திச்சு. உன்ட வாப்பா துறையில நிண்டு, "என்ட மகள் மலையில ஃபேனுக்குக் கீழ கதிரையில இருந்து ரிக்கற் எழுதுறாள், எங்கட குடும்பத்தில கதிரையில இருந்து உழைச்ச முதல் ஆள் அவள்தான்" எண்டு நெஞ்சை நிமித்துறார். ரிக்கற் எழுதுற கை ஏன் மகள் காய்க்குது? அந்தக் கதிரை என்ன முள்ளுக் கதிரையா?

உள்ளதை எழுது. நான் இப்ப வெளியில போகேலாத பொம்புளை, கதை என்னோடயே நிக்கும்.

துஆவோட,
மாமி


எல்ல
02.06.2025

அன்புள்ள மாமிக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் நலம். மூக்கு இருக்கிறது, சிவந்துபோய். சீனிக்கான குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கிறீர்கள் என்று உம்மா சொன்னா.

மாமி, அந்தக் கதிரையில் இப்போது வேறு பிள்ளை இருக்கிறாள். நான் மேலே, கம்பி புறப்படும் மேடையில் நிற்கிறேன். ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு இரும்புக் கம்பி கட்டியிருக்கிறது. கீழே தேயிலை, அதற்கும் கீழே மேகம். வருகிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் பட்டி கட்டி, கப்பியில் கொளுவி விடுவோம். கத்திக்கொண்டே பறந்து போவார்கள். ஸிப்லைன் என்பது இதுதான்.

போகிறவர் கைகால்களை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். கைகளை விரித்தால் எதிர்க்காற்று பிடித்து நடுவில் நின்றுவிடுவார். பிறகு வழிகாட்டி ஒருவர் கம்பியில் தொங்கியபடி கை மாற்றிக் கை மாற்றிப் போய் அவரை இழுத்துவர வேண்டும். அந்த வேலைக்குத்தான் பழகுகிறேன். இங்கே இதுவரை பெண் யாரும் அதைச் செய்ததில்லை. ஜூலையில் சோதனை. தேறினால் வழிகாட்டி. தேறாவிட்டால் மறுபடி கதிரை.

வாப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். மாமாவுக்கு மட்டும் தெரியும். நோன்பு காலத்தில் சொன்னேன். "பெருநாள் முடியட்டும், வந்து நானும் ஒருக்காத் தொங்கிப் பார்க்கிறேன்" என்றார்.

உங்களிடம் சொன்னபிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது.

அன்பு மகள்,
ஸம்ஹா


நுரைச்சோலை
12.06.2025

மகளுக்கு ஸலாம். ஹஜ்ஜுப் பெருநாள் நல்லாப் போச்சு. நீ கேட்ட பனங்கட்டிக் கதை சுத்தப் பொய், உன்ட உம்மாட கண்ணுக்குத்தான் வைத்தியம் வேணும்.

தொங்கப் போறாராமா, உன்ட மாமா? தென்னை மரத்தடியில நிண்டு அண்ணாந்து பார்த்தாலே தலை சுத்திற மனிசன்! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல, பாரு. களிசான் தைக்கிறார், தைக்கிறார், எங்க போகத்தான் இந்த ஆயத்தம் எண்டு நான் யோசிச்சது இப்பதான் விளங்குது.

போகட்டும். உங்கட கம்பி எங்கட பவர் பிளான்ட் புகைக்கூண்டைவிட உசரமா? ஜன்னலால எனக்குத் தெரியிற உசரம் இப்ப அது ஒண்டுதான். அதில உன்னைத் தொங்கவிட்டு, பிடிச்சு இறக்கி, திரும்பத் தொங்கவிட்டுப் பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கு.

கைய விரிச்சா நிண்டுடும் எண்டு எழுதியிருந்தாய். நான் ஃபேனுக்கு முன்னால நிண்டு விரிச்சுப் பார்த்தேன். சட்டை கப்பல் பாய் மாதிரி ஊதிச்சு. அந்த நேரம் பார்த்து உன்ட உம்மா வந்து, "அல்லாஹ், மதினிக்குத் துக்கம் தலைக்கு ஏறிட்டு" எண்டு ஓதி ஊதிட்டுப் போனாள்.

ஒரு செய்தி. உன்ட வாப்பா பவர் பிளான்டில வேலை செய்ற மாப்பிள்ளை ஒண்டின்ட கதையோட வந்திருக்கார். உன்னைப் பற்றி அவங்களுக்குச் சொன்னது ஒண்டே ஒண்டுதான்: "கதிரையில வேலை." நீ எப்படிச் சிரிப்பாய், எப்படிச் சமைப்பாய் ஒண்டுமில்லை, கதிரை.

சோதனையில தேறு. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

மாமி


நுரைச்சோலை
21.07.2025

மகள் ஸம்ஹா, அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு என்ன?

ஜூலை பாதி தாண்டிட்டு. பேதுரு ரெண்டு தரம் வெறுங்கையோட வந்தான். முதல் தரம், "பிள்ளைக்கு வேலை கூட" எண்டான். ரெண்டாம் தரம் வாயத் திறக்காம நிண்டான். பொய் சொல்லத் தெரியாத மனிசன், சேர்ச்சுக்குப் போய்ப் பாவமன்னிப்புக் கேட்கணுமே எண்டு பயம். நான் தேத்தண்ணியத் தராமப் பிடிச்சு வைச்சுக் கேட்டேன். நீ றோட்டோரக் கல்லில இருந்தியாம், கூப்பிட்டதுக்குச் சிரிக்கல்லயாம்.

என்ட மருமகள் சிரிக்காம இருக்கிறதெண்டா எல்ல மலை இடம் மாறியிருக்கணும். மாறிட்டா?

இதோட கட்டாக் கருவாடு அனுப்பியிருக்கேன். சோத்தோட சாப்பிட்டு, நல்லா ஏப்பம் விட்டு, பிறகு எழுது. எழுத மனமில்லாட்டி வெத்துக் கடதாசி எண்டாலும் மடிச்சு அனுப்பு. நான் வாசிச்சுக்கொள்றேன்.

மாமி


எல்ல
30.07.2025

அன்புள்ள மாமி,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கருவாடு பொரித்த மணத்துக்குப் பக்கத்து அறைப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள்.

நான் தேறவில்லை.

சோதனைக்கு மனேஜரே நடுக்கம்பியில் போய்த் தொங்கினார். பெரிய உடம்பு. பாதித் தூரம் இழுத்தேன், பிறகு தோள் விட்டுவிட்டது. இன்னொரு பொடியன் வந்து இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். மேடையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தங்கச்சிக்குக் கதிரை நல்லம்" என்று மனேஜர் பாசமாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தரம் வைப்பார்கள். அதற்கு மேல் இல்லை.

நேற்று வாப்பா போனில், "கதிரை வசதியா மகள்? முதுகு நோகுதா?" என்று கேட்டார். ஓம் வாப்பா, வசதி என்றேன். பின்னால் நீங்கள் இருமியது கேட்டது.

ஸம்ஹா


நுரைச்சோலை
10.08.2025

மகளுக்கு,

ஸலாம். இருமல் இல்லை, சிரிப்பு. தொண்டையில மாட்டிட்டு.

மனேஜரை இழுக்கேலாமப் போனதுக்கா கல்லில குந்திட்டு இருந்தாய்? பாதித் தூரம் இழுத்தியே! நான் உன்ட மாமாவ இருவத்தாறு வருசம் இழுத்தேன், ஒரு தரமாவது மாதம்பைக்கு அங்கால கூட்டிட்டுப் போகேலல்ல. பாதி மலைக்கு இழுத்தவள் மீதியையும் இழுப்பாள்.

இங்க நான் சும்மா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வரப் போறதாச் சொல்லி அனுப்பினாங்க. நான் உள்ளறையில இருந்து, வெளியில உன்ட வாப்பாவுக்குக் கேட்கத்தக்கதா, "நானா, இத்தா வீட்டில கலியாணக் கதை கதைக்கிறதா? என்ட மனிசன்ட கபுறு மண் காயல்லயே!" எண்டு ஒரு இழுப்பு இழுத்தேன். லேஞ்சிப் பொம்புளையள் எல்லாரும் என்ட பக்கம். கடைசியில முஃபீதா அழப் போறாள் எண்டு சந்தோசம் அவளுகளுக்கு. உன்ட வாப்பா முகம் சிவந்து, "சரி, இத்தா முடியட்டும்" எண்டுட்டார்.

மாமா மௌத்தாகியும் உனக்கு உதவி செய்றார், பார்த்தியா.

இத்தா முடியிறதுக்குள்ள நீ ரெண்டாம் தரம் தொங்கிடுவாய். நல்லாச் சாப்பிடு. உன்ட வாப்பாட மகள் நீ, தோளுக்குக் குறை இருக்கேலாது.

மாமி


எல்ல
28.08.2025

மாமி! மாமி! அஸ்ஸலாமு அலைக்கும்!

தேறிவிட்டேன்.

கேளுங்கள். நடுவில் நிற்கிறவர் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருப்பார். போன தரம் நான் ஆட்டத்தோடு மல்லுக்கட்டினேன், அதுதான் தோள் போனது. இந்தத் தரமும் மனேஜரேதான் தொங்கினார், முன்பைவிடக் கொழுத்து. முதல் இழுப்பிலேயே தோள் நடுங்கியது. அப்போது வாப்பா கரைவலை இழுக்கிறது கண்ணுக்குள் வந்தது. அலை தரும்போது எடுப்பார். அலை கேட்கும்போது இழுக்கமாட்டார், பிடித்துக்கொண்டு நிற்பார். "எடு... பிடி... எடு... பிடி" என்று வாய்க்குள் சொல்லுவாரே, அதையே சொன்னேன். மனேஜர் என் பக்கம் ஆடும்போது எடுத்தேன், அங்கால் ஆடும்போது பிடித்தேன். மேடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எல்லாரும் கை தட்டுகிறார்கள் என்று தெரிந்தது.

மனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, கதிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

இப்போதுதான் பயம் பிடித்திருக்கிறது. இந்தச் சீசன் முடிவதற்குள் என் படத்தை, முதல் பெண் வழிகாட்டி என்று, பேஸ்புக்கில் போடப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வாப்பா அதை வேறு ஆள் காட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது. நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், மாமி. எனக்கு நா எழவில்லை.

ஸம்ஹா


நுரைச்சோலை
04.09.2025

மலையேறின என்ட தங்கத்துக்கு மாமிட ஸலாம்.

உன்ட கடிதத்தை அலுமாரிக்கு முன்னால நிண்டு சத்தமா வாசிச்சேன். யாருக்கு வாசிச்சேன் எண்டு உனக்குத் தேவையில்லை.

இத்தா முடிஞ்சுது. குளிச்சு, நிறச் சட்டை போட்டு முற்றத்துக்கு வந்தா வெயில் கண்ணைக் குத்துது. புகைக்கூண்டு முன்னையவிடக் கட்டையாத் தெரியுது.

எங்கட குடும்ப வழக்கம் உனக்குத் தெரியும். இத்தா முடிஞ்சவளை, அவள் கேட்கிற இடத்துக்குக் கூடப் பிறந்தவன் முதல் பயணம் கூட்டிட்டுப் போகணும், மறுக்கேலாது. என்ட மூத்தம்மா கேட்டது புத்தளத்தில ஒரு புடவைக் கடை. நான் எல்ல எண்டேன்.

"அங்க என்னடி இருக்கு உனக்கு?" எண்டார் நானா.

"என்ட மருமகள்ட கதிரையக் கண்ணால பார்க்கணும்" எண்டேன்.

மனிசன் பூரிச்சுப் போய்ட்டார். உடனே புத்தளத்துக்கு ஓடினார். என்னத்துக்கு தெரியுமா? உன்ட கதிரைக்கு ஒரு குஷன் வாங்க. சிவப்பு வெல்வெட், ஓரத்தில தங்கக் கரை. கலியாண மேடைக்குப் போட்டாலும் குறை இல்லை. சீலைக்குள்ள சுத்தி மடியில வைச்சிட்டு இருக்கார்.

நான் அவரிட்ட ஒண்டும் சொல்லல்ல. சொல்லப் போறதுமில்லை. என்னைப் பார்த்து முறைக்காதே, வாற கிழமை வாறோம்.

மாமி


எல்ல
21.09.2025

அன்புள்ள மாமி,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? முட்டுக்கால் எப்படி? கீழ்முதுகில் பட்டி அழுத்திய இடத்துக்கு எண்ணெய் தடவுங்கள்.

நீங்கள் இருவரும் போனதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. திரும்பத் திரும்ப அதே காட்சி. வாப்பா குஷனோடு ரிக்கற் கவுண்டரில் நிற்கிறார், கதிரையில் வேறு பிள்ளை. நான் ஹெல்மட்டோடு மேடையிலிருந்து இறங்கி வருகிறேன். "ஓஹோ" என்றார். அவ்வளவுதான். நீங்களோ, அதற்குள், "என்னைத் தொங்கவிடு மகள், ரிக்கற் எடுத்தாச்சு" என்று அபாயாவைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். அபாயாவுக்குக் கீழே ஒரு களிசான். அந்தத் துணியை நான் முன்பு பார்க்கவில்லை, ஆனாலும் அளவு யாருடையது என்று தெரிந்தது. நான் கேட்கவில்லை.

வேறொன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். கையை ஒடுக்குங்கள், விரிக்காதீர்கள் என்று நாலு தரம் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினீர்கள். பாதித் தூரம் போனதும் இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்தீர்களே, ஏன்? அபாயா ஊதியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நடுக்கம்பியில் நின்றுபோனீர்கள். உங்களைக் கொண்டுவர நான்தான் போக வேண்டியிருந்தது, வாப்பா பார்த்துக்கொண்டு நிற்க.

உங்கள் பக்கத்தில் நான் வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உங்கள் ஹெல்மட்டின் நாடிப்பட்டி நனைந்திருந்தது. வெயிலில் காயப்போட்டேன்.

திரும்பி மேடைக்கு வரும்வரை நான் வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தபோது அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைத் திட்டுகிறாரா, ஓதுகிறாரா, தெரியவில்லை. பிறகு தேத்தண்ணி குடித்தார். பஸ் வந்தது. குஷனைத் தந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். கக்கத்தில் வைத்துக்கொண்டே ஏறிவிட்டார்.

போன் எடுக்கவும் பயமாக இருக்கிறது. நான் பெட்டியைக் கட்டவா, மாமி?

ஸம்ஹா


நுரைச்சோலை
04.10.2025

மகள் ஸம்ஹா, அஸ்ஸலாமு அலைக்கும்.

முட்டுக்கால் பறந்த கால், இப்ப முறைப்பாடு வைக்க வெக்கப்படுது. இனி நான் போன் எடுக்கலாம், ஆனா ஸ்பீக்கர் இன்னும் உயிரோடதான் இருக்கு. அதோட எனக்கும் எழுதி ருசி பிடிச்சிட்டு.

முதல்ல உன்ட கேள்வி. கைய ஏன் விரிச்சேன்? படிப்பில்லாத பொம்புளை மகள், மறந்துட்டேன். நாலு தரம் சொன்னா நாலு தரமும் மறப்பேன். அவ்வளவுதான். நாடிப்பட்டி நனைஞ்சது மலை மேகம். உங்கட ஊரில மேகம் தாழ வருதெண்டு நீதானே எழுதினாய்? களிசானைப் பற்றி: எல்ல வாறதுக்கெண்டு தைச்சவர், வந்துட்டார் எண்டு வை. கால் நீளம், ரெண்டு மடிப்பு மடிச்சேன். மறுநாள் லேஞ்சிப் பொம்புளையள் வந்தாளுகள். முகம் தெளிஞ்சிருக்கு எண்டாளுகள். மலைக் காத்து எண்டேன்.

இப்ப வாப்பா.

பஸ்ஸில ஒரு கதை இல்லை. பண்டாரவளை தாண்டிச்சு, இல்லை. பலாங்கொடையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினாங்க, இல்லை. நான் பிளேன்டியில சீனி போடுறேன், அதுக்குக் கூட ஏசல்ல. எனக்கே பயம் வந்திட்டு. இருட்டினதுக்குப் பிறகு, தன்ட பாட்டில, ஜன்னலைப் பார்த்திட்டு, "எடு... பிடி" எண்டார்.

"என்ன நானா?" எண்டேன்.

"அவள் சொன்னது. வாயில பார்த்தேன்" எண்டார். "உன்னை இழுத்திட்டு மேடைக்குக் கிட்ட வாற நேரம் அவள்ட வாய் அதைத்தான் சொல்லிச்சு. நானும் இங்கால நிண்டு சொன்னேன்." பிறகு என்ட பக்கம் திரும்பி, "யார் பழக்கினது?" எண்டார்.

"யார் பழக்க? உன்ட மகள்" எண்டேன். அதுக்குப் பிறகும் கதை இல்லை, ஆனா அந்தக் கதை இல்லாமைக்கு வேற முகம்.

மாப்பிள்ளை வீட்டில படத்தைப் பார்த்திட்டு ஆள் அனுப்பினாங்க, கதிரை எண்டீங்களே எண்டு. வாப்பா சொன்னது: "மாப்பிள்ளைக்கு விருப்பமெண்டா எல்லவுக்குப் போய்க் கேட்கட்டும். கம்பியால போகட்டும், நடுவில நிண்டா என்ட மகள் இழுத்து எடுப்பாள்." பையன் யோசிக்கிறானாம். யோசிக்கட்டும். உயரம் பார்த்துத் தலை சுத்திறவனையும் வேணாம் எண்டு சொல்லாதே, நான் அப்படி ஒண்டோட நல்லாத்தான் வாழ்ந்தேன்.

நேத்து விடிய வலை இழுப்புக்கு மீன் வாங்கப் போனேன். துறையில ஆள் நிறைய. முத்தலிபு நானா உன்ட வாப்பாவச் சீண்டுறார்: "என்ன மஸாஹிர், மகள் இப்ப கதிரையில இல்லையாமே?"

வாப்பா கயித்தை விடாம, திரும்பிப் பார்க்காமச் சொன்னார்: "கதிரையா? என்ட மகள் ரெண்டு மலைக்கு நடுவில கரைவலை இழுக்கிறாள்."

அலை குடுத்திச்சு. எடுத்தார்.

குஷனை எங்க எண்டு தேடினேன். கரையில வலை வைக்கிற வாடிக்குள்ள வாப்பாட பழைய பிளாஸ்டிக் கதிரையில கிடக்கு, தங்கக் கரையோட. இழுப்பு முடிய ராசா மாதிரி அதில இருந்து தேத்தண்ணி குடிக்கிறார். பிள்ளைக்கு வாங்கினதில நீங்க இருக்கிறதா எண்டு கேட்டேன். "இருக்கிறவளுக்குத்தானே வாங்கினது? அவள் இருக்கிறவளா?" எண்டார்.

இதோட ஒரு போத்தல் வருது. அவர் கை வெடிச்சா பூசிற எண்ணெய். நான் இதை எழுதிட்டு இருக்கிற நேரம் ஓடி வந்து என்ட மடியில வைச்சிட்டுப் போனவர். மூடியை இறுக்கி, மேல துணி சுத்தி, நைலோன் நூலால வலைக்குப் போடுற முடிச்சுப் போட்டிருக்கு. அவிழ்க்க உனக்குத் தெரியும்.

துஆவோட,
உன்ட மாமி முஃபீதா